டிராகன் பறக்கும் ஊரில் குடியானவர் என்ன சாப்பிடுகிறார்? புதிதாக ஃபேண்டஸி எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஃபேண்டஸி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு மலைத்தொடர், ஏழு ராஜ்ஜியங்கள், சபிக்கப்பட்ட காடு, அரச வம்சத்துக்குப் பத்துத் தலைமுறைப் பெயர்கள். அப்புறம் கதாநாயகன் குதிரையில் ஒரு கிராமத்துக்குள் நுழைவான். அங்கே ஒரு சத்திரம் இருக்கும், ஒரு கொல்லுப்பட்டறை இருக்கும், "எங்களைக் காப்பாற்றுங்கள் ஐயா" என்று கும்பிட நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேர் காலையில் என்ன சாப்பிட்டார்கள், யாருக்கு என்ன பாக்கி, ஏன் பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது எழுதியவருக்கே தெரியாது. அந்த உலகத்தின் ஜனத்தொகையில் பெரும்பகுதி அவர்கள்தான்.

அவர்களை எப்படிப் படைப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். அளவுகோலாக 13, 14ம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமத்தை எடுத்துக்கொள்கிறேன். கோட்டையும் குதிரை வீரனும் வரும் கதைகளின் சூழல் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பண்ணைக் கணக்குகளும் ஊர் நீதிமன்ற ஏடுகளும் அங்கே ஏராளமாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. உங்கள் உலகம் வேறு சாயலில் இருந்தால் பதில்கள் மாறும். கேட்கவேண்டிய கேள்விகள் இவையேதான்.

முதல் படி: ஒரு வீடு, கொஞ்சம் நிலம்

ராஜ்ஜியத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். நான் இங்கே வில், ஆக்னெஸ் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். முதல் கேள்வி, அவர்களுக்கு எவ்வளவு நிலம்?

ஊரில் எல்லாரும் ஒரே மாதிரி ஏழைகள் அல்ல. வர்கேட் என்று ஒரு கணக்கு இருந்தது. இடத்துக்கு இடம் மாறினாலும் சுமார் 30 ஏக்கர். ஒரு வர்கேட் வைத்திருந்தவர் ஊரில் பெரிய கை. அரை வர்கேட்காரருக்கு வரவும் செலவும் சரியாகப் போகும். அவருக்கும் கீழே, ஒரு குடிசையும் இரண்டு மூன்று ஏக்கரும் மட்டும் உள்ளவர்கள். இவர்கள் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். மூன்று தரப்பும் ஒரே தெருவில் குடியிருப்பார்கள். பெண் கொடுப்பதும் கடன் கேட்பதும் வேலி தகராறும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்து தானாக வரும். நீங்கள் தனியாகச் சண்டை கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நிலம் ஒரே இடத்தில் இருக்காது. ஊரைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று பெரிய வயல்வெளிகள், அவற்றுக்குள் நீளநீளமான பட்டைகள். நம் வில் அரை வர்கேட்காரர்; அவரது 15 ஏக்கர் அங்கங்கே சிதறிக் கிடக்கும், இரண்டு பட்டைக்கு நடுவில் வேலி கிடையாது. பட்டை ஏன் நீளம் என்றால், கனத்த ஏரையும் அதில் பூட்டிய எட்டு மாடுகளையும் திருப்புவது பெரும்பாடு. முடிந்தவரை நேராக ஓட்டிவிட்டு ஒரேயடியாகத் திருப்பினார்கள். 220 கெஜ நீளம், 22 கெஜ அகலம். நாம் இன்றும் பத்திரத்தில் எழுதுகிற ஏக்கரின் பரப்பு அதுதான்.

எட்டு மாடும் ஒருவரிடமே இருப்பது அபூர்வம். ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு ஒன்று என்று சேர்த்துப் பூட்டினால்தான் உழவு. அண்ணன் தம்பி முகம் பார்க்காவிட்டாலும் மாடுகள் ஒரே நுகத்தடியில் நின்றாக வேண்டும். ஆகவே உங்கள் டிராகன் ஒரு மாட்டைத் தூக்கிக்கொண்டு போனால் நஷ்டம் ஒரு வீட்டோடு நிற்காது. உழவுப் பருவமாக இருந்தால் நாலைந்து வீடுகளின் அடுத்த வருடச் சாப்பாடே ஆட்டம் கண்டுவிடும்.

இரண்டாம் படி: கணக்கைப் பாருங்கள்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். உழுதவன் பார்க்காவிட்டாலும் எழுதுகிறவர் பார்த்தே ஆகவேண்டும்.

வில்லிடம் 15 ஏக்கர். மூன்று வயல் முறை என்றால் வருடத்துக்கு ஒரு வயல் தரிசு. 10 ஏக்கரில்தான் விதைப்பு. ஏக்கருக்கு 10 புஷெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோதுமையில் ஒரு புஷெல் ஏறத்தாழ 27 கிலோ வரும். மொத்தம் 100 புஷெல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைய மகசூல், விதைத்ததைப் போல மூன்று, நான்கு மடங்குதான். அப்படியானால் 25 புஷெல் அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்கு, அது 10. மிச்சம் 65. ஐந்து பேர் சாப்பாடு, பிரபுவுக்குக் குத்தகை, மாட்டுத் தீனி, உப்பு, கொழுவுக்கு இரும்பு, துணிமணி எல்லாம் இந்த 65இல் நடக்க வேண்டும்.

ஒரு வருடம் மழை கெடுத்து மகசூல் பாதியாகிறது. களத்தில் 50 புஷெல். விதைக்கு அதே 25 வேண்டும், நிலம் சுருங்கவில்லையே. தேவாலயத்துக்கு 5. மிச்சம் 20. விளைச்சல் பாதியாகக் குறைந்தால் வீட்டுக்குள் வருவது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. விதைத் தானியத்தில் கை வைக்கலாமா, மாட்டை விற்கலாமா, மூத்தவளை நகரத்துக்கு வேலைக்கு அனுப்பலாமா என்று ஆக்னெஸும் வில்லும் இருட்டில் பேசுவதை எழுதிப் பாருங்கள். வாள்சண்டையில் வராத பதற்றம் இதில் வரும்.

இது கற்பனைக் கணக்குதான். நிஜத்தில் நடந்தது இதைவிட மோசம். 1315இல் வட ஐரோப்பா முழுக்க விடாமல் மழை கொட்டியது. கதிர் முற்றவில்லை, வைக்கோல் காயவில்லை. உப்புநீரைக் காய்ச்ச முடியாமல் உப்பு விலைகூட ஏறியது. 1316இலும் அதே கதை. அது ஓய்ந்த கையோடு, 1319 வாக்கில் இங்கிலாந்தின் மாடுகளைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. பஞ்சத்தில் பத்தில் ஒருவராவது இறந்திருப்பார் என்பது வரலாற்றாளர்களின் பொதுவான மதிப்பீடு. இத்தனைக்கும் இதில் எந்த இருள் அரசனுக்கும் பங்கில்லை.

மூன்றாம் படி: வருடத்தை வரைந்து சுவரில் ஒட்டுங்கள்

கதைச் சம்பவங்களுக்குத் தேதி போடுவதற்கு முன்னால் ஊரின் வேலைக்குத் தேதி போடுங்கள். இங்கிலாந்துக் கிராமத்தில் கணக்கு வருடம் செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாளில் திரும்பும். அடுத்து கோதுமையும் ரையும் விதைப்பார்கள். நவம்பர் 11ஐ ஒட்டிப் பன்றியை அடித்து உப்பிடுவார்கள். கிறிஸ்துமஸ் சமயம் பன்னிரண்டு நாள் பெரும்பாலும் ஓய்வு. ஜனவரியில் மறுபடி ஏர், வசந்தத்தில் பார்லி, ஓட்ஸ், பட்டாணி விதைப்பு. ஜூன் கடைசியில் புல் அறுப்பு, ஆகஸ்ட் முதல் தேதி புது மாவில் ரொட்டி சுட்டுப் படைக்கும் திருநாள், அப்புறம் அறுவடை முடியும்வரை யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது.

இதில் கதைக்காரர்கள் கோட்டைவிடுவது ஜூன், ஜூலை மாதங்களை. ஊரே பச்சைப்பசேல் என்று இருக்கும், வெளியூர்க்காரன் கண்ணுக்குச் செழிப்பு. ஆனால் போன வருடத் தானியம் தீர்ந்து புதுத் தானியம் வராத பஞ்ச மாதங்கள் அவைதான். மாவில் அவரையும் தவிடும் கலந்து ரொட்டி தட்டுவார்கள். வசந்தகாலத் தவக்காலமும் அப்படித்தான். இறைச்சி கூடாது, முட்டை கூடாது, பால் கூடாது என்று தேவாலயம் சொல்கிற நாற்பது நாளும், உப்பிட்ட இறைச்சி தீர்ந்துபோகிற நாட்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும்.

படை திரட்டுகிற ராஜா ஆகஸ்டில் ஆள் கேட்டால் அவன் முட்டாள் ராஜா. அல்லது அவனுக்கு வேறு வழியில்லை. எது என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: அடுப்பும் வீடும்

தினசரிச் சாப்பாடு என்பது பானையில் கொதிக்கும் கூழ். பட்டாணி, அவரை, முட்டைக்கோசு, வெங்காயம், லீக், கொஞ்சம் ஓட்ஸ் அல்லது பார்லி. வசதி இருந்தால் ஒரு துண்டு பன்றிக்கொழுப்பு. கூடவே கறுத்த ரொட்டி, கொஞ்சம் பாலாடைக்கட்டி. உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம், மிளகாய் எதுவும் கிடையாது; எல்லாம் 1492க்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. (சோழர் காலச் சாயலில் எழுதுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தாளிப்பில் மிளகாயைக் கிள்ளிப் போட்டுவிடாதீர்கள்.) மிளகு உண்டு, ஆனால் அது மலபாரிலிருந்து கடலும் பாலைவனமும் கடந்து வந்த சரக்கு. இங்கிலாந்தில் சில நிலங்களுக்குக் குத்தகையே மிளகாக வாங்கினார்கள். ஆக்னெஸின் பானைக்கு அது எட்டாது. உங்கள் உலகம் வேறு கிரகம்தானே, உருளைக்கிழங்கு இருந்தால் என்ன என்று கேட்கலாம். தாராளமாக இருக்கட்டும். ஆனால் மண்ணுக்குள் விளைகிற, ஏக்கருக்கு அவ்வளவு மாவு தருகிற ஒரு கிழங்கு இருந்தால் மேலே போட்ட கணக்கு முழுக்க மாறிவிடும். அதையும் சேர்த்து யோசியுங்கள்.

குடிப்பது ஏல் என்ற ஒருவகை பியர். முளைகட்டிய பார்லியில் வடித்தது. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைச் சேர்க்காததால் சில நாளில் புளித்துவிடும். அதனால் யாரும் பீப்பாய் பீப்பாயாகச் சேர்த்து வைக்க மாட்டார்கள். ஒரு வாரம் ஒரு வீட்டில் வடிப்பார்கள், வாசலில் ஒரு கொம்பு நட்டுத் தழை கட்டுவார்கள், அக்கம்பக்கம் வந்து வாங்கிக் குடிக்கும். அடுத்த வாரம் வேறு வீடு. இதைச் செய்தது பெரும்பாலும் பெண்கள்தான். ஃபேண்டஸிக் கதைகளில் ஊருக்கு ஊர் வருகிற மாடிவைத்த பெரிய சத்திரம் சின்னக் கிராமத்தில் இருக்க நியாயமில்லை. கதாநாயகன் தங்க வேண்டுமென்றால் ஆக்னெஸ் வீட்டு வைக்கோல்போரில்தான்.

வீட்டுக்குப் புகைபோக்கி கிடையாது. நடுவில் தரையோடு அடுப்பு, புகை மேலே ஏறிக் கூரை வழியாகக் கசியும். சுவர் என்பது மிலாறு பின்னி மண் அப்பியது. திருடன் பூட்டை உடைப்பதைவிடச் சுவரைக் குத்தித் திறப்பதே சுலபம். ஆனாலும் பூட்டு இருந்தது. யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட கிராமத்தை 1950இலிருந்து நாற்பது வருடம் தோண்டினார்கள். அங்கேயும் அதுபோன்ற மற்ற ஊர்களிலும் சாவிகள் கிடைத்திருக்கின்றன. ஆக, பூட்டி வைக்க ஏதோ இருந்திருக்கிறது. குடியானவர் வீட்டை எழுதும்போது அழுக்கையும் சாணியையும் மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், அந்தப் பெட்டிக்குள் என்ன என்று யோசியுங்கள்.

ஐந்தாம் படி: யார் யார் கை நீட்டுகிறார்கள்

உங்கள் உலகத்துக்கு உயிர் வருவது இங்கேதான். இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

வில் பண்ணைக்குக் கட்டுப்பட்ட குடியானவர் என்றால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் சம்பளமில்லாத வேலை செய்ய வேண்டியிருக்கும். மகளைக் கட்டிக்கொடுக்கப் பணம் கட்ட வேண்டும். வில் செத்தால் வீட்டிலேயே நல்ல மாடு பிரபுவுக்கு, அடுத்த நல்ல மாடு பல ஊர்களில் பாதிரியாருக்கு. பன்றியைக் காட்டில் ஓக் கொட்டை மேய விடக் கட்டணம். ஊரைவிட்டுப் போய் வெளியூரில் இருக்கவும் வருடா வருடம் ஒரு தொகை.

இதைப் படித்ததும் புதியவர்கள் சாட்டையோடு ஒரு கொடுங்கோல் பிரபுவை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கடமைகள் எல்லாமே பேரம் பேசி, வழக்காடி, ஊர் வழக்கமென்று எழுதிவைக்கப்பட்டவை. அறுவடை நாளில் கூடுதல் வேலைக்குக் கூப்பிட்டால் பிரபு சாப்பாடு போட வேண்டும். அதில் ஏல் உண்டா இல்லையா என்பதுவரை பதிவு இருக்கும். சில பண்ணைகளில் புல் அறுக்கிறவர் நாள் முடிவில் தன் அரிவாள் தாங்குகிற அளவு புல்லை ஒரே தூக்கில் எடுத்துக்கொண்டு போகலாம். நீளப்பிடி வைத்த பெரிய அரிவாள் அது. பேராசைப்பட்டு அதிகம் ஏற்றிப் பிடி முறிந்தால் புல்லும் போச்சு, அரிவாளும் போச்சு. சாயங்காலம் புல்வெளியில் ஊரே சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, வில் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார். பிடி லேசாக வளைகிறது. இன்னும் ஒரு கை அள்ளி வைக்கலாமா? பக்கத்தில் காரியஸ்தர் சிரிக்காமல் நிற்கிறார்.

எல்லாக் கடமையிலும் வெறுப்பைச் சம்பாதித்தது ஆலைதான். தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அதற்கு மாவில் ஒரு பங்கு கூலி. வீட்டில் கைத்திரிகை வைத்து அரைத்தால் குற்றம். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் தலைவர் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட் 1330களின் தொடக்கத்தில் ஊராரின் திரிகைக் கற்களைப் பறிமுதல் செய்து மடத்துக் கூடத்தின் தரையில் பதித்துவிட்டார். ஊர்க்காரர்கள் வரும்போதெல்லாம் தங்கள் வீட்டுக் கல் மேலேயே நடக்க வேண்டும். அரை நூற்றாண்டு போயிற்று. 1381இல் குடியானவர்களின் பெரும் கிளர்ச்சி வெடித்தபோது அந்த ஊர் மக்கள் மடத்துக்குள் புகுந்து அந்தக் கற்களைப் பெயர்த்து, உடைத்து, தேவாலயத்தில் மந்திரித்த ரொட்டியைப் பகிர்வதுபோல ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

உங்கள் கதையில் புரட்சி வருகிறதென்றால் இப்படி ஒரு கல்லைத் தேடிப் பிடியுங்கள். "விடுதலை!" என்று கத்துகிற கூட்டத்தை எழுதுவது சுலபம், நினைவில் நிற்காது. 1381இல் பல ஊர்களில் மக்கள் முதலில் தேடிப்போய் எரித்தது பண்ணை ஏடுகளை. யார் யாருக்கு என்ன கடமை என்று அவற்றில்தான் எழுதியிருந்தது. படிக்கத் தெரியாதவர்களாக இருந்தாலும் எந்தப் பெட்டியில் எந்தத் தோலேடு இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆறாம் படி: ஊர்ப் பஞ்சாயத்து

பல ஊர்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பண்ணை நீதிமன்றம் கூடும். மாடு மேய்ந்தது, ஏலில் தண்ணீர் கலந்தது, எல்லைக்கல் நகர்ந்தது, அவளைப் பற்றி இவள் அவதூறு பேசியது எல்லாம் அங்கே வரும். காரியஸ்தர் தலைமை தாங்கினாலும் வழக்கம் என்ன என்று சொல்வது ஊரார்தான். மணியக்காரரும் பெரும்பாலும் அதே கட்டுப்பட்ட குடியானவர்களில் ஒருவர். இந்த வருடம் அதிகாரம், அடுத்த வருடம் பழையபடி ஏர். அந்த ஒரு வருடத்தில் அவர் யாரைக் கண்டும் காணாமல் விட்டார், யாரை மாட்டிவிட்டார் என்பதை ஊர் மறக்காது.

அந்த ஏடுகளில் எனக்குப் பிடித்தவை முதியோர் ஒப்பந்தங்கள். வயதான அம்மா நிலத்தை மகனுக்கு மாற்றிக்கொடுப்பாள், பதிலுக்கு அவளுக்கு வருடத்துக்கு எத்தனை புஷெல் கோதுமை, எத்தனை புஷெல் பார்லி, அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க இடம், பசுவுக்குப் புல், எல்லாம் நீதிமன்றத்தில் பதிவாகும். மகன் தவறினால் நிலம் திரும்பிவிடும் என்றும் எழுதுவார்கள். பாசம் இல்லாமல் இல்லை. மருமகள் வரப்போகிறாளே.

கதாநாயகர்களுக்கு ஒரு சங்கதி. ஊரில் அடிதடி, திருட்டு, கொலை என்றால் பார்த்தவர் கூக்குரலிட வேண்டும், கேட்டவரெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து துரத்த வேண்டும். வராவிட்டால் அபராதம், காரணமில்லாமல் கத்தினாலும் அபராதம். பன்னிரண்டு வயதைத் தாண்டிய ஆண்கள் பத்துப் பேர் கொண்ட குழுக்களாக ஒருவருக்கொருவர் பொறுப்பு. அந்நியன் இரண்டு இரவு விருந்தாளி, மூன்றாம் இரவிலிருந்து அவன் செய்வதற்கெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்பது பழைய வழக்கம். மர்மமான முக்காட்டு வீரன் வாரக்கணக்கில் மூலையில் உட்கார்ந்திருக்க முடியாது. மூன்றாம் நாள் ஆக்னெஸ் அவன் ஊர், பேர், குலம், கோத்திரம் எல்லாம் கேட்டுவிடுவாள்.

ஏழாம் படி: காசும் சந்தையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வில்லின் கையில் வருவது வெள்ளிப் பென்னி. 12 பென்னி ஒரு ஷில்லிங், 240 பென்னி ஒரு பவுண்டு. 1348இன் கொள்ளைநோய்க்கு முன்னால் கூலியாளின் நாள் சம்பளம் சுமார் 2 பென்னி. 1344இல் வந்த நோபிள் என்ற தங்கக் காசின் மதிப்பு 80 பென்னி, அதாவது நாற்பது நாள் கூலி. ஒரு கோப்பை ஏலுக்குத் தங்கக் காசை மேசைமேல் வீசுகிற வீரனைப் பார்த்து ஆக்னெஸ் பூரித்துப்போக மாட்டாள். சில்லறை எங்கே போய் மாற்றுவது? எங்கே திருடினான்? தன்னை மாட்டிவிடுவானோ? கூக்குரல் போட்டாலும் ஆச்சரியமில்லை.

சந்தை எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு 13ம் நூற்றாண்டுச் சட்ட நூல் ஒன்றில் அழகான கணக்கு இருக்கிறது. ஒரு நாளில் மனிதன் 20 மைல் நடப்பான். மூன்றில் ஒரு பங்கு நேரம் போக, ஒரு பங்கு வாங்க விற்க, ஒரு பங்கு திரும்பி வர. ஆகவே ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்குள் இன்னொரு சந்தை வந்தால் பழைய சந்தைக்குக் கெடுதல். உங்கள் வரைபடத்தில் ஊர்களை இப்போது புள்ளி வையுங்கள். முன்பு போட்டதில் பாதியை அழிக்க வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: இப்போது மாயத்தை உள்ளே விடுங்கள்

இவ்வளவையும் கட்டிய பிறகுதான் மந்திரம். ஒவ்வொரு மந்திரத்தையும் ஆலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இது எந்த வேலையை மிச்சப்படுத்துகிறது, அந்த மிச்சம் யார் கைக்குப் போகிறது?

மழை வரவழைக்கும் மந்திரவாதி இருந்தால் பிரபு அவரைச் சும்மா விடுவாரா? பண்ணை மந்திரவாதியிடம்தான் மழை வாங்க வேண்டும், பத்துப் புஷெலுக்கு ஒன்று கட்டணம் என்று சட்டம் போடுவார். கொல்லைப்புறத்தில் திருட்டு மழை பெய்வித்த கிழவி நீதிமன்றத்துக்கு வருவாள். பார்லிக்கு மழை வேண்டுமென்று ஒருவர் கேட்கிற அதே நாளில் புல்லை அறுத்துக் காயப்போட்டிருக்கிற இன்னொருவர் கையில் தடியோடு நிற்பார்.

குணமாக்கும் மந்திரம் இன்னும் சிக்கலானது. அன்றைக்குச் சராசரி ஆயுள் குறைவாக இருந்ததற்கு முக்கியக் காரணம் பிள்ளைகள் சின்ன வயதிலேயே இறந்தது. தப்பித்து வளர்ந்தவர்கள் ஐம்பது, அறுபதுவரை இருந்ததுண்டு. எல்லாக் குழந்தையும் பிழைத்துவிட்டால் அந்தப் 15 ஏக்கரை எத்தனை பிள்ளைகள் பங்கு போடுவார்கள்? மாறாக, மந்திரம் கொள்ளைநோயைத் தடுக்கவில்லை என்றால், 1348, 49இல் நடந்ததுபோல ஜனத்தில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ போனபின் மிஞ்சிய கூலியாட்கள் கூடுதல் சம்பளம் கேட்பார்கள். நிஜத்தில் 1351இல் கூலியைப் பழைய அளவிலேயே நிறுத்தச் சட்டமே போட்டார்கள். ஆட்கள் கேட்கவில்லை; பக்கத்துப் பண்ணைக்கு நடந்துவிட்டார்கள்.

ஒரு சின்னச் சட்டம் ஃபேண்டஸிக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஒரு மனிதன் சாவதற்குக் காரணமான பொருளின் மதிப்பை அரசன் எடுத்துக்கொள்வான்: ஏறி இறங்கிய வண்டி, முட்டிய காளை, கவிழ்ந்த கொப்பரை. விசாரணையில் அந்தப் பொருளுக்கு விலை போடுவது ஊரார். வேண்டியவர் வண்டி என்றால் விலையைக் குறைத்துப் போடுவார்கள். இனி சபிக்கப்பட்ட வாளுக்கோ, ஆளைக் கொன்ற மந்திரக் கோலுக்கோ பன்னிரண்டு குடியானவர்கள் உட்கார்ந்து விலை நிர்ணயிக்கிற காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஊர்ச் சதுக்கத்தில் சூனியக்காரியை எரிக்கும் காட்சியை உடனே எழுதிவிடாதீர்கள். பெரும் சூனிய வேட்டைகள் 15ம் நூற்றாண்டில் தொடங்கியவை, 16, 17ம் நூற்றாண்டுகளில்தான் உச்சம். இங்கிலாந்தில் அதற்குத் தண்டனை பெரும்பாலும் தூக்கு. 13ம் நூற்றாண்டு ஆக்னெஸ் மாட்டுக்கு நோய் வந்தால் பாதிரியாரிடமும் போவாள், மந்திரிக்கிற பாட்டியிடமும் போவாள்.

ஒன்பதாம் படி: பேச்சு

நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ராஜாவுக்குச் செந்தமிழ், குடியானவனுக்குக் கொச்சை; அதுவும் சிரிப்புக்காக. இதை விட்டுவிடுங்கள். குடியானவர்கள் சொர்க்கத்தைப் பற்றியும் ஆன்மாவைப் பற்றியும் பேசியதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. பிரெனீஸ் மலையடியில் மொண்டையூ என்ற பிரெஞ்சுக் கிராமத்து மக்களை, ஜாக் ஃபூர்னியே என்ற ஆயர் 1318க்குப் பிறகு சில வருடங்கள் மதவிரோதக் குற்றத்துக்காகத் துருவித் துருவி விசாரித்தார். பின்னால் அவரே 12ம் பெனடிக்ட் என்ற போப் ஆனார், அவருடைய பதிவேடு வத்திக்கானில் பத்திரமாகத் தப்பித்தது. அதில் பெண்கள் வெயிலில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டே, செத்தவர் ஆன்மா எங்கே போகும் என்று வாதாடுகிறார்கள். ஆடு மேய்ப்பவர்கள் பாலாடைக்கட்டி விலையையும் உலகத்தின் தோற்றத்தையும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள்.

யார் யாரை நீ என்கிறார், யாரை நீங்கள் என்கிறார் என்று உங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். தமிழில் எழுதுகிற நமக்கு இது பெரிய வசதி. போன வருடம்வரை வில்லை "வாடா" என்று கூப்பிட்டவன், வில் மணியக்காரர் ஆனதும் "வாங்க" என்று மாறினால், கதைசொல்லி எதையும் விளக்க வேண்டியதில்லை.

பத்தாம் படி: ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்

முதல் அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன் இந்தப் பயிற்சி. உங்கள் கதாநாயகனும் அவன் தோழர்களும் ஜூலை மாதத்தில் ஒரு இரவு ஆக்னெஸ் வீட்டில் தங்கிவிட்டுப் போகிறார்கள். ஆறு பேர், ஆறு குதிரை. அவர்கள் போன மறுநாள் காலையை ஆக்னெஸின் கண் வழியாக எழுதுங்கள். ரொட்டி எத்தனை போயிற்று, குதிரைகள் எவ்வளவு ஓட்ஸ் தின்றன, யார் வீட்டில் கடன் வாங்கப் போவாள், அந்த வீட்டில் என்ன சொல்லி வாங்குவாள், மணியக்காரர் வந்து கேட்டால் என்ன பொய் சொல்வாள். கதாநாயகன் பெயர் அந்தப் பக்கத்தில் ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது. மந்திரம், டிராகன் எதுவும் வேண்டாம். அதையெல்லாம் இரண்டாம் வரைவில் பார்த்துக்கொள்ளலாம்.